சிலைக்கு முன்னே ஒரு கேள்வி

ஆர்தர் வார்ட்டன் 1865இல் இன்றைய கானாவின் அக்ரா நகரில் பிறந்தவர். 1886இல் இலண்டனில் நூறு கஜ ஓட்டத்தைப் பத்து விநாடிகளில் கடந்து வாகை சூடினார். பின்னர் கோல்காப்பாளராகத் திகழ்ந்த அவரே உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரராகக் கருதப்படுகிறார். ஆட்டம் ஓய்ந்தபின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1930இல் வறுமையில் மறைந்தார். 1997 வரை அவரது புதைகுழியில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

ஆர்வலர்கள் பல்லாண்டு நிதி திரட்டி முயன்றதன் பயனாக, 2014இல் இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. அதை நான் வரவேற்கிறேன். ஆயினும், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கேட்பேன்: மறைந்தவரின் சிலைக்கு ஈயும் சமூகம், வாழும் வீரரின் முதுமைக்கும் ஒரு நிதியம் காண வேண்டாமா?