கடல் கடந்த துரைசாமி

குற்றவாளிகளைக் கப்பலேற்றி அயல்தீவுகளுக்கு அனுப்புதல் ஆங்கிலேயர் ஆட்சியில் நெடுங்காலம் வழங்கிய தண்டனையாகும். கொள்ளையர்க்கும் கொலைஞர்க்கும் உரியதாகக் கருதப்பட்ட அத்தண்டனை, ஒருமுறை கொள்ளையென்பதே அறியாத ஓர் இளைஞர்மேலும் வீழ்ந்தது. அவரே சிவகங்கைச் சின்னமருதுவின் மகன் துரைசாமி.

சின்னமருது சிறுவயலில் காவலரில்லாத மாளிகையில் எளிமையாய் வாழ்ந்தவர். குடிகள் எவரும் தடையின்றி அவரைக் காணலாம். கும்பினிப் படையைச் சேர்ந்த வெல்ஷ் என்னும் இளம் அதிகாரி அவரிடம் நட்புப் பூண்டு, ஈட்டி எறிதலையும் வளரி வீசுதலையும் கற்றார். அத்தகைய இல்லத்திலேதான் துரைசாமி வளர்ந்தார்.

1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. தப்பி வந்த ஊமைத்துரைக்குச் சின்னமருது அடைக்கலம் அளித்தார். அடைந்தாரைக் காட்டிக்கொடுத்தல் அறமன்றெனக் கருதிய அவர், அதனால் விளையக்கூடிய பெருங்கேட்டையும் ஏற்கத் துணிந்தார். சூன் 16ஆம் நாள், வெள்ளையரை எதிர்க்குமாறு நாட்டினரை அழைக்கும் அவருடைய அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. கர்னல் அக்னியூவின் படை மறவர் நாட்டுக் காடுகளை வெட்டி வழிசெய்து, அக்டோபர் முதல் நாளில் காளையார்கோயிலைக் கைப்பற்றியது. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் குடும்பத்து ஆடவர் பலரும் அவ்வாறே மாண்டனர்.

துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து. இளமை கருதி அவர் உயிரைப் போக்காத கும்பினியார், வாழ்நாள் முழுதும் நாடு கடத்துமாறு ஆணையிட்டனர். சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையாத்தேவர் உள்ளிட்ட பலரோடு அவரும் விலங்கிடப்பட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கு அவரைக் கண்ட வெல்ஷ், தம் பழைய நண்பரின் மகனென்று இரங்கி, விலங்கின் துன்பத்தை இயன்ற அளவு குறைத்தார். அதற்கு மேல் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. 1802 பிப்ரவரி 11ஆம் நாள் கைதிகளை ஏற்றிய கப்பல் பினாங்குத் தீவு நோக்கிப் புறப்பட்டது. உடையாத்தேவர் அவ்வாண்டிலேயே சுமத்திராவிலுள்ள பென்கூலனில் உயிர் நீத்தார்.

பினாங்கோ, இந்தியாவிலிருந்து கொள்ளைக்கும் களவுக்கும் தண்டனை பெற்றோர் அனுப்பப்பட்ட இடம். அத்தகையோரிடையே இவ்விளைஞரும் கைதியாய்க் காலங்கழித்தார். பதினாறு ஆண்டுகள் சென்றன. 1818இல் அத்தீவுக்குச் சென்ற வெல்ஷின் முன் தளர்ந்த முதியவர் ஒருவர் வந்து நின்றார். பெயரைக் கேட்ட பின்னரே அவர் துரைசாமி என்பது விளங்கிற்று. முப்பது வயதைச் சற்றே கடந்த ஒருவரைச் சிறைவாழ்வு கிழவராக்கியிருந்தது. அக்காட்சி தம் நெஞ்சைப் பிளந்ததென்னும் கருத்துப்பட வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதிவைத்தார். பகைவர் படையில் நின்றவரே இச்சிறுவரின் துன்பத்திற்குச் சான்றாயினார்.

கொள்ளையிட்டவன் தன் செயலுக்காகத் தண்டிக்கப்படுகின்றான், அது நீதியின்பாற்படும். தந்தையின் செயலுக்காக மகனின் இளமையைப் பறித்தலை எந்நீதியின்பாற் படுத்துவது? வென்றவர் வகுப்பதெல்லாம் நீதியாகிவிடாது. சட்டம் பயில்வோரும் நாளை ஆட்சிப் பொறுப்பை ஏற்போரும், தண்டனை விதிக்குமுன் இவர் தமக்கெனச் செய்த குற்றம் யாதென ஒருமுறை வினவுவாராயின், துரைசாமியின் பதினாறு ஆண்டுத் துன்பம் முற்றிலும் வீணாயிற்றென்று சொல்ல வேண்டுவதில்லை.