தோட்டா மாறியபோதெல்லாம் துப்பாக்கியை மாற்றியமைத்த ஜான் கேரண்ட்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை பயன்படுத்திய எம்-1 அரைத் தானியங்கித் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் கேரண்ட். தோட்டாவின் தன்மைக்கு ஏற்பவே துப்பாக்கி இயங்கும் என்பதைத் தம் பணிக்காலம் முழுவதும் எதிர்கொண்டவர் அவர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1888 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்த கேரண்ட், சிறுவயதில் குடும்பத்துடன் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குடியேறினார். அங்கு நூற்பாலையில் தரை கூட்டும் வேலையில் சேர்ந்து, இயந்திரப் பணிகளைக் கற்றார். 1919-இல் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் பொறுப்பேற்றார்.

அவரது தொடக்ககால வடிவமைப்பு, தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் வெடிக்கும்போது சற்றே பின்னகர்வதைக் கொண்டு இயங்கியது. 1920-களின் நடுப்பகுதியில் ராணுவம் மெதுவாக எரியும் மருந்துக்கு மாறியது. பிரைமர் நகராதபடி இறுக்கிப் பொருத்தவும் முடிவு செய்தது. பல ஆண்டு உழைப்பைக் கைவிட்ட கேரண்ட், குழலிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் முறைக்கு மாறினார்.

பின்னர் .276 அங்குலத் தோட்டாவுக்கான அவரது துப்பாக்கி தேர்வாகும் நிலையில் இருந்தது. ஆனால், கையிருப்பில் ஏராளமாக இருந்த .30 அங்குலத் தோட்டாவையே தொடர வேண்டும் என 1932-இல் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் உத்தரவிட்டார். அந்தத் தோட்டாவுக்கான வடிவத்தையும் கேரண்ட் முன்னரே உருவாக்கி வந்தார். எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் அத்துப்பாக்கி, 1936-இல் ராணுவத்தால் ஏற்கப்பட்டது.

ஆயினும் சிக்கல்கள் ஓயவில்லை. சில துப்பாக்கிகளில் ஏழாவது தோட்டா சிக்கிக்கொண்டது. உட்பகுதியின் சிறு விளிம்பு ஒன்று தயாரிப்பின்போது அளவுக்கு மேல் கடைந்து நீக்கப்பட்டதே காரணம் எனக் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. குழலின் முனையில் வாயுவைப் பிடிக்கும் அமைப்பும், 1940-இல் குழலின் அடிப்புறத் துளை வழியே வாயுவை எடுக்கும் முறையாக மாற்றப்பட்டது.

போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம் துப்பாக்கிகள் தயாராயின. காப்புரிமையை அரசிடம் ஒப்படைத்த கேரண்டுக்கு உரிமத்தொகை ஏதுமில்லை. அவருக்கு 1 லட்சம் டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட மசோதாவும் நிறைவேறவில்லை. ஊதியத்துடன் நிறைவடைந்த அவர், 1953-இல் ஓய்வு பெற்று, 1974 பிப்ரவரி 16-ஆம் தேதி காலமானார்.

அவர் சந்தித்த அதே சிக்கல்களை, இத்துப்பாக்கிக்குத் தாமே தோட்டா நிரப்புவோர் இன்றும் சந்திக்கின்றனர். துளையில் வாயுவின் அழுத்தம் போதாவிடில் காலித் தோட்டா முழுமையாக வெளியேறாது. மிக மெதுவாக எரியும் மருந்தெனில், துளையில் வாயுவின் அழுத்தம் மிகுந்து இயக்குத்தண்டு வளையும். பிரைமர் மேலே துருத்தியிருந்தால், போல்ட் பூட்டிக்கொள்ளும் முன்னரே தோட்டா வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தக்கூடும். ஆகவே, துப்பாக்கி பழுதென முடிவு செய்யும் முன் தோட்டாவைச் சோதிப்பதே அனுபவமுள்ளோரின் வழக்கம்.