யத்தீமாய் வளர்ந்த இமாம்

காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றப்பட்டு வருவது ஷாஃபி மத்ஹபு என்பதை நீங்கள் அறிவீர்கள். முத்துக்குளிப்பிற்கும் தோணி வாணிபத்திற்கும் சென்ற ஆடவர் பலர் மீண்டு வராத கரை இது. யத்தீமின் சொத்து எவர் கையில் இருக்க வேண்டும், அவர் அதை எவ்வாறு ஆள வேண்டும் என்னும் வினா இங்கே ஏட்டளவில் நின்றதில்லை. அச்சட்டங்களை வகுத்த இமாமும் ஒரு யத்தீமே என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

முஹம்மது இப்னு இத்ரீஸ் என்பது இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் இயற்பெயர். ஹிஜ்ரி 150 இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார்கள். பச்சிளம் பருவத்திலேயே தந்தை மறைந்தார். குறைஷிக் குலத்துப் பிள்ளை உறவினரற்ற ஊரில் வளர்ந்தால் குலவழி மங்கிவிடுமே என்றஞ்சிய தாயார், குழந்தையுடன் மக்கா வந்து சேர்ந்தார்கள். ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருளில்லை. அவர் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதே கட்டணமாயிற்று. எலும்புகளிலும், பிறர் எழுதிக் கழித்த ஏடுகளின் மறுபுறத்திலும் பாடம் எழுதினார்கள். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்றபின் யமனில் ஊழியம் ஏற்கப் புறப்பட்டபோது, வழிச்செலவிற்காக வீட்டையே அடகு வைக்க நேர்ந்தது என்று சரித ஆசிரியர்கள் எழுதுகின்றனர்.

யமனில் எழுந்த குற்றச்சாட்டினால் ஹிஜ்ரி 184 இல் கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டு உயிர் தப்பியது தனிக்கதை. இறுதியில் எகிப்தில் தங்கினார்கள். அன்னாரின் சட்டப் பெருநூலுக்கு 'அல்உம்மு' என்று பெயர். அதற்குத் தாய் என்று பொருள்!

யத்தீமின் பொருளைப் பெட்டியில் பூட்டி வைப்பதோடு காப்பாளரின் கடமை தீர்ந்ததென்று இமாமவர்கள் கருதவில்லை. சிறுவரின் பொருளிலும் ஜகாத் கடமை என்பது அவர்கள் முடிவு. ஹனஃபி மத்ஹபு இதில் பெரிதும் வேறுபடும். சும்மா கிடக்கும் பொருள் ஆண்டுதோறும் தேயுமன்றோ? ஆகவே அதை வாணிபத்தில் ஈடுபடுத்திப் பெருக்குவதை விரும்பினார்கள். இதற்கு முன்மாதிரி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். தம் சகோதரர் முஹம்மது இப்னு அபூபக்ர் ஹிஜ்ரி 38 இல் எகிப்தில் கொல்லப்பட்டபின், அவருடைய மக்களைத் தம் இல்லத்தில் வளர்த்து, அவர்கள் பொருளிலிருந்து ஜகாத் கொடுத்து வந்தார்கள். தம் பொறுப்பிலிருந்த யத்தீம்களின் பொருளை வாணிபத்திற்கும் கொடுத்ததுண்டு. அம்மக்களுள் ஒருவரான காசிம், பிற்காலத்தில் மதீனாவின் ஏழு சட்டமேதைகளுள் ஒருவராக விளங்கினார்.

செல்வந்தரான காப்பாளர் யத்தீமின் பொருளைத் தொடலாகாது. ஏழையாயின், தம் தேவை, உழைப்பிற்குரிய கூலி, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே அவருக்கு ஆகும். வயது வந்ததனால் மட்டும் பொருளைக் கொடுத்துவிட முடியாது. சிறு கொடுக்கல் வாங்கலில் ஈடுபடுத்திச் சோதித்து, பொறுப்புணர்வு கண்டபின் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும். பெண்ணுக்கும் இதுவே விதி. அவளுக்கு மணமாகும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

ஆனால் தந்தைக்கும் பாட்டனாருக்கும் உள்ள சொத்துக் காப்புரிமை தாய்க்குத் தானாக வருவதில்லை. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் நிலைமை இதுவே. 1918 இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பின்படி, சிறுவரின் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ தாய்க்கு உரிமையில்லை. 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். காயலில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதால் விதவைக்கு ஒதுங்க நிழலுண்டு. கணவர் விட்டுச்சென்ற கடையிலும் தோப்பிலும் பிள்ளைகளுக்குள்ள பங்கின் கதி என்ன? பிள்ளையின் படிப்பிற்காக அப்பங்கிலிருந்து எடுக்க, சிறிய தந்தையின் வாசலில் அவள் நிற்க வேண்டுமா?

இதற்கும் மத்ஹபில் வழியுண்டு. பாட்டனார் இல்லாத நிலையில், தந்தை தம் வஸிய்யத்தில் தாயையே காப்பாளராக நியமிக்கலாம். தகுதியுள்ள தாய் இருப்பின் மற்றெவரினும் அவளே முற்படுத்தத்தக்கவள் என்று ஷாஃபி சட்ட அறிஞர் இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். கடல் கடந்து செல்லும் வாசகரே, நீங்கள் அப்படியொரு வஸிய்யத்தை எழுதி வைத்திருக்கிறீர்களா?

இமாமவர்கள் எழுதி வைத்தார்கள். ஹிஜ்ரி 203 ஸஃபர் மாதத்தில் (கி.பி. 818), உடல்நலத்துடன் இருந்த வேளையில் அன்னார் எழுதிய பத்திரமொன்று 'அல்உம்மு' நூலில் இடம்பெற்றுள்ளது. தம் சிறுமகன் அபுல் ஹஸனுக்குரிய பொருளிலிருந்து 400 தீனார் எடுத்ததையும், அதற்குத் தாம் மகனுக்குப் பொறுப்பாளி என்பதையும் சாட்சிகள் அறியப் பதிவு செய்தார்கள். பெற்ற தந்தையைக் கேட்பார் யாரென்று விட்டுவிடவில்லை. அதே ஆண்டு ஷஅபானில் வஸிய்யத்தும் எழுதினார்கள்.

ஹிஜ்ரி 204 ரஜப் மாத இறுதியில் (கி.பி. 820) எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் இமாமவர்கள் மறைந்தார்கள். அப்போது அபுல் ஹஸன் சின்னஞ்சிறு பிள்ளை.