காத்திருந்து கடனாற்றிய கோபாலன்

வென்றவர் வரலாற்றை எழுதுவோர் பலர். முன்வரிசையில் இடம் பெறாமலும், அழைப்பு எப்பொழுது வரினும் செல்வதற்கு ஆயத்தமாக நின்றவர் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. தங்கவயல் மக்களாகிய நாமோ, அத்தகையோரின் அருமையை நன்கு அறிவோம். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நம் முன்னோர் பாறையை உடைத்துப் பொன் எடுத்த காலத்தில், மேலே மீட்புக் குழுவினர் கருவிகளோடு காத்திருந்தனர். பாறை வெடிப்பு நேர்ந்தால் இறங்குவது அவர்கள் கடமை. நேராத நாளில் காத்திருப்பதும் அவர்கள் கடமையே. அந்த நாளை வீண்பொழுது என்று நம்முள் எவரும் கூறியதில்லை. விளையாட்டு உலகில் அவ்வாறு காத்திருந்த ஒருவரது வாழ்வை நம் சங்க ஆண்டு மலரில் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். அவர் எம். ஜே. கோபாலன்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் கோபாலன் பிறந்தார். குடும்பம் சென்னையில் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் கிரிக்கெட் ஆர்வம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று அது. இளைஞர் கோபாலன் திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்தின் ஆட்டக்காரரானார். வலக்கையால் வேகமாகப் பந்து வீசும் ஆற்றல் அவருக்கு இயல்பாக அமைந்திருந்தது.

அக்காலத்தில் விளையாட்டால் வயிறு நிறையாது. ஒருவர் தொடர்ந்து ஆட வேண்டுமாயின், அவருக்கு ஊதியம் தரும் ஓர் அலுவல் வேண்டும். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேய ஆட்டக்காரர் சி. பி. ஜான்ஸ்டன் இதனை உணர்ந்தவர். கோபாலனின் திறமையைக் கண்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைக்க உதவினார். ஆண்டுதோறும் பொங்கல் விழாவையொட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நிகழ்ந்த மாகாணப் பந்தயத்தில் ஜான்ஸ்டன் ஐரோப்பியர் தரப்பில் ஆடினார். கோபாலன் இந்தியர் தரப்பில் பந்து வீசினார். எதிரணியில் நின்றவரே வாழ்வுக்கு வழி செய்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1933-34-இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் ஆங்கில அணி இந்தியாவிற்கு வந்தது. 1934 ஜனவரி 5-ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய இரண்டாம் டெஸ்ட் பந்தயத்தில் கோபாலன் இந்தியாவின் பதினொருவருள் ஒருவராக இடம் பெற்றார். ஒரு முறை ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும், மறுமுறை 7 ஓட்டங்களும் எடுத்தார். ஒரு விக்கெட்டையும் வீழ்த்தினார். பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த டெஸ்ட் அவ்வாண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னை கண்ட முதல் டெஸ்ட் பந்தயம் அது. திருவல்லிக்கேணிக்கும் சேப்பாக்கத்திற்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான். ஆயினும், அந்தப் பதினொருவருள் கோபாலன் பெயர் இல்லை. சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், உற்றார் உறவினர் காணத் தம் நாட்டிற்கு ஆடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. கல்கத்தாவில் ஆடியதே அவரது முதல் டெஸ்ட். அதுவே இறுதி டெஸ்டாகவும் அமைந்துவிட்டது.

இதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. முகமது நிசார், அமர் சிங் என்னும் இரு பெரும் வேகப்பந்து வீச்சாளர் அக்காலத்து இந்திய அணியில் இருந்தனர். உலகின் எந்த அணியும் அவ்விருவரை விரும்பி ஏற்றிருக்கும். அவர்கள் இருவரும் நலமாக இருக்கும் வரை மூன்றாம் வீச்சாளர் காத்திருக்க வேண்டியவரே. ஒரே காலத்தில் பிறந்த வல்லவர் பலருள், பின்னால் நிற்பவர் வல்லவரல்லர் என்று கூறுதல் தகாது.

ஒன்பது மாதங்கள் கழித்து வரலாறு அவருக்கு வேறொரு வாயிலைத் திறந்தது. 1934 நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னையை எதிர்த்து ஆடியது நம் மைசூர் அணி. அக்கோப்பையின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ. ஜி. ராம்சிங் சென்னைக்காக 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மைசூர் 48, 59 என்னும் எண்ணிக்கைகளில் ஆட்டமிழந்தது. சென்னை 130 எடுத்து, ஓர் இன்னிங்சும் 23 ஓட்டங்களும் மிஞ்ச, ஒரே நாளில் வென்றது. தமிழராகப் பிறந்து மைசூர் மண்ணில் வாழ்ந்த நம்மவர் அன்று யாருக்காக மகிழ்ந்தனரோ, யாருக்காக வருந்தினரோ! இரு தரப்பும் நம் தரப்பே.

கோபாலனுக்கு மற்றொரு கலையும் கைவந்திருந்தது. ஹாக்கியிலும் அவர் இந்தியாவின் முன்னணி ஆட்டக்காரர். 1935-இல் தியான்சந்த் உள்ளிட்ட இந்திய ஹாக்கி அணி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தபோது அவரும் உடன் சென்றார். அவ்வணி 48 பந்தயங்களில் 584 கோல்கள் அடித்தது.

1936-ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டில் இரண்டு பயணங்கள் ஒரே காலத்தில் நிகழவிருந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் ஹாக்கி அணியின் பயணம். மற்றொன்று, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியின் பயணம். இரண்டில் ஒன்றையே கொள்ள முடியும். 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தை வென்ற நாடு இந்தியா. அந்தப் பாதையில் வெற்றி ஏறத்தாழ உறுதி. கிரிக்கெட் பாதையிலோ உறுதியாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு டெஸ்டோடு நின்றுபோன கணக்கைத் தொடரும் வாய்ப்பு மட்டுமே இருந்தது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் சென்ற அவ்வணி ஒற்றுமையற்ற அணி. அருமையான ஆட்டக்காரராகிய லாலா அமர்நாத், முதல் டெஸ்டிற்கு முன்னரே தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நிசாரும் அமர் சிங்கும் டெஸ்டுகளில் பந்து வீசினர். அதே சென்னையிலிருந்து சென்ற சி. ராமசாமி, நாற்பது வயதில் டெஸ்ட் ஆடும் பேறு பெற்றார். கோபாலனோ மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் இடம் பெறவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியது. ஆங்கில வீரர் ஹாமண்ட் இந்தியரின் பந்துகளை நாற்புறமும் சிதறடித்தார். ஆடும் பதினொருவரில் கோபாலன் இல்லை. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்னும் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அங்கும் அவர் இல்லை. ஒரே நாளில் இரு களங்களிலும் நில்லாத நிலை எத்துணைக் கடுமையானது!

அதன்பின் வாய்ப்பும் வரவில்லை. உலகப்போர் மூண்டமையால் 1946 வரை இந்தியா டெஸ்ட் பந்தயம் எதுவும் ஆடவில்லை. அதற்குள் கோபாலனுக்கு முப்பத்தேழு வயது ஆகியிருந்தது.

இந்நிலையில் பலர் ஆட்டத்தை வெறுத்து விலகியிருப்பர். கோபாலன் விலகவில்லை. அலுவலகப் பணியோடு பந்து வீச்சையும் விடாது தொடர்ந்து, 1936-க்குப் பின்னும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆடினார். சென்னை அணிக்குத் தலைவராகவும் இருந்தார். முதல்தரப் பந்தயங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 200-க்குச் சற்றே குறைவு. டெஸ்டில் வீழ்த்தியது ஒன்று. ஏனைய அனைத்தும் பெரும்பாலும் தம் மாகாணத்தார் முன்னிலையில் அமைதியாக ஈட்டியவை.

அக்கால் நூற்றாண்டுத் தொண்டைச் சென்னை மறக்கவில்லை. 1952-53-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய பந்தயத்திற்குக் கோபாலன் பெயரால் கோப்பை நிறுவப்பட்டது. டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கைக்கு, அப்பந்தயம் பல்லாண்டுகள் நல்ல பயிற்சிக்களமாக விளங்கியது. 1982-இல் அந்நாடு தன் முதல் டெஸ்டை ஆடியது. தமக்கு அடைபட்ட வாயில் மற்றவர்க்குத் திறக்க அவர் பெயர் துணை நின்றது. பின்னாளில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அவர் பணியாற்றினார். பட்டியலில் பெயரைத் தேடிக் காணாதவரின் மனம் அவருக்குத் தெரியாததன்று.

2003-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் கோபாலன் மறைந்தார். அப்பொழுது இந்திய டெஸ்ட் ஆட்டக்காரருள் அவரே மூத்தவர். 1934-இல் பெயர் விடுபட்டுப் போன அதே சேப்பாக்கத்தில், நுழைவாயில் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. மாரிக்குப்பத்திலிருந்து வைகறை இரயிலில் பெங்களூருக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் மக்கள் நம்முள் எத்தனையோ பேர். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்போரும், பட்டியலில் ஓரிடம் தள்ளிப் பெயர் நின்றுபோனவரும் நம் வரிசை வீடுகளில் உள்ளனர். கோபாலனின் வாழ்வு அவர்களுக்குப் பொய்யான ஆறுதல் கூறவில்லை. காத்திருந்தவர்க்கெல்லாம் இடம் கிட்டும் என்றும் சொல்லவில்லை. இடம் கிட்டாவிடினும் கை பழகிய தொழிலைக் கைவிடாதவன் தாழ்ந்துபோவதில்லை என்பதையே அது காட்டுகிறது. உரிகத்திலும் சாம்பியன் ரீஃபிலும் மாலைதோறும் பந்து வீசும் நம் சிறுவர் அப்பெயரை அறிந்து வளர்வாராக.