பெருந்தலைவர் காமராசரும் ஆவடி கண்ட சமதருமமும்

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஆவடி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைக் கிடங்குகளால் அறியப்பட்ட ஊர். 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காங்கிரசுப் பேரியக்கத்தின் அறுபதாம் மாநாடு இங்குக் கூடியபோது, அது இந்திய அரசியல் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. யு. என். தேபர் தலைமை ஏற்றார். சமதருமப் பாங்கான சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் திட்டங்களுக்கு நோக்கமாதல் வேண்டும் என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். உடைமை என்பதோடு கட்டுப்பாடு என்பதையும் சேர்த்துக் கூறியதில்தான் அத்தீர்மானத்தின் தனித்தன்மை அடங்கியுள்ளது. தனியார் தொழிலை ஒரே நாளில் ஒழிப்பதும் அன்று. மக்களைச் சந்தையின் போக்கிற்கே விட்டுவிடுவதும் அன்று. வாக்குரிமையின் வழியே, சட்டத்தின் துணையோடு, படிப்படியாக இரண்டையும் இணைத்துச் செல்வது என்பதே அதன் பொருள்.

மாநாட்டு நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்டிருந்தது. மாநாட்டை வரவேற்ற மாநிலத்தின் முதலமைச்சர், அச்சத்தியமூர்த்தியின் அரசியல் மாணவராகிய காமராசர். பதவியேற்று ஓராண்டும் நிறையாத நிலையில் இருந்த அவர், பொருளியல் நூல்களைப் பயின்றவர் அல்லர். ஆயினும் ஆவடியில் எழுதப்பட்ட கொள்கையை ஊர்தோறும் கண்ணால் காணும் பொருளாக்கியவர் அவரே.

விருதுபட்டி தந்த பாடம்

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் விருதுபட்டியில், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். விருதுபட்டி வணிகத்தால் வளர்ந்த ஊர். அவ்வூர் நாடார் வணிகர்கள் தங்கள் வாணிகத்தில் ஒரு பகுதியை மகமை என்ற பெயரில் பொது நிதியாகத் திரட்டினர். இல்லந்தோறும் நாள்தோறும் எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசியும் அப்பொதுப் பணிக்குத் துணையாயிற்று. அவ்வாறு எழுந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் சிறுவன் காமராசர் பயின்றார்.

கடை தனியாருடையது, ஆதாயமும் அவருடையது, ஆனால் அவ்வாதாயத்தில் ஊருக்கு ஒரு பங்குண்டு, அப்பங்கு ஏழைப் பிள்ளையின் கல்வியாக மாறும். பிற்காலத்தில் அவர் நடத்திய ஆட்சியை நோக்குவார்க்கு, அதன் வித்து இம்மகமையில் இருந்தது என்று கொள்ள இடமுண்டு. ஒரு குலத்தார் தம் பிள்ளைகளுக்காகச் செய்துகொண்டதை, மாநிலத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் உரியதாக்கியதே அவர் செய்த பெருமாற்றம்.

தந்தையை இளமையிலேயே இழந்தமையால் அவரது படிப்பு ஆறாம் வகுப்பளவில் நின்றது. மாமன் துணிக்கடையில் அமர்ந்தவரை விடுதலைப் போராட்டம் ஈர்த்துக்கொண்டது. 1930-இல் வேதாரணிய உப்புப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பதாண்டுகளைச் சிறையில் கழித்தார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார். 1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலை பெற்றுவந்து அப்பதவியை உடனே துறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

பள்ளியும் பகலுணவும்

1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். இராசாசி 1953-இல் கொண்டுவந்த அரைநாள் கல்வித் திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பே அம்மாற்றத்திற்குக் காரணமாயிற்று. எண்மர் கொண்ட தம் அமைச்சரவையில், தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். எதிர்த்தவரையும் உடன் வைத்துக்கொண்டு செல்லும் இவ்வியல்பே பின்னர்ப் பொருளாதாரத்திலும் வெளிப்பட்டது.

அரைநாள் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியில்லாத சிற்றூர்களில் பள்ளிகள் எழுந்தன. பள்ளி இருந்தும் பசியால் வாராத பிள்ளைகளுக்காக 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் பகலுணவுத் திட்டம் பரவலாயிற்று. அது முழுவதும் அரசின் கருவூலத்திலிருந்து தொடங்கியதன்று. ஊரார் தந்த நன்கொடையும் பொருளும் முன்னின்றன. அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் வந்து சேர்ந்தன. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நிகழ்ந்தன. ஊரில் வசதி படைத்தோர் கட்டடமும் இருக்கைகளும் பிள்ளைகளுக்குச் சீருடையும் வழங்கினர். பிடியரிசி மாநில அளவில் விரிந்த காட்சி அது. பள்ளியிறுதி வரையிலான கட்டணமும் படிப்படியாக நீங்கியது. 1951-இல் நூற்றுவரில் ஏறத்தாழ 20 பேரே எழுத்தறிந்திருந்த மாநிலத்தில், 1961-இல் அவ்வெண் 30-ஐக் கடந்தது.

ஆலைகள் எழுந்த மண்

ஆவடித் தீர்மானத்தின் வழிவந்த 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை, தொழில்களை மூன்றாகப் பகுத்தது. படைக்கலம், அணுவாற்றல் போன்ற 17 துறைகள் அரசுக்குரியன, 12 துறைகளில் அரசும் தனியாரும் உடன் செயற்படலாம், எஞ்சியவை தனியாருக்குரியன. இப்பகுப்பை ஏட்டில் காண்பதைவிட, சென்னையின் மேற்குப் புறத்தில் நிலத்தின்மேல் காணலாம்.

அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தாரின் டி.ஐ. சைக்கிள் ஆலை முன்னரே இருந்தது. 1959-இல் டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஊர்தி உறுப்புத் தொழிற்சாலைகள் எழுந்தன. இவை தனியாருடையவை. மேற்கே ஆவடியில், 1961-இல் ஒன்றிய அரசு கனரக ஊர்தித் தொழிற்சாலையை நிறுவ முடிவு செய்தது. 1965-இல் விசயந்தா பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்றது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1958-இல் கிண்டியில் பெற்ற பட்டறிவைக் கொண்டு, தொழிலமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் முயற்சியால் உருவானது அது. நிலமும் சாலையும் மின்சாரமும் அரசு தந்தது. எந்திரத்தை வாங்கித் தொழில் நடத்தியவர் சிறு முதலாளி. கடன் வழங்க 1949-இல் தோன்றிய தொழில் முதலீட்டுக் கழகம் இருந்தது. பெரிய ஆலை கேட்ட உறுப்பைச் சிறிய பட்டறை கடைந்து கொடுத்தது. முதலாளியமும் சமதருமமும் கலந்து நிற்பது என்பதற்கு, அடுத்தடுத்து நின்ற இம்மூவகை வாயில்களைக் காட்டிலும் தெளிவான விளக்கம் அரிது.

பகலுணவு உண்டு பள்ளியில் பயின்ற பிள்ளை தொழிற்பயிற்சி பெற்று அவ்வாயில்களுள் ஒன்றினுள் நுழைய வழி பிறந்தது. வைகை, சாத்தனூர், மணிமுத்தாறு ஆகிய அணைகளும், சிற்றூர்களுக்குச் சென்ற மின்கம்பிகளும், நெய்வேலி நிலக்கரியும் இவ்வரிசையில் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

எட்டாத நிலம்

இத்துணை நன்மைகளைக் கூறுமிடத்து, அப்பாதை எங்கே நின்றது என்பதையும் கூறுதல் கடமையாகும். மகமை ஆதாயத்தில் பங்கு கேட்கும். கடை யாருடையது என்று கேளாது. ஆலைக்கும் வாணிகத்திற்கும் பொருந்திய இம்முறை வேளாண் நிலத்திற்குப் போதவில்லை. 1955-இல் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வரையறுத்தது. ஆனால் விதிவிலக்குகள் பலவாயின. உறவினர் பெயரிலும் அறக்கட்டளைகளின் பெயரிலும் நிலங்கள் மாற்றி எழுதப்பட்டன. உழுதவர் கைக்கு வந்த நிலம் சிறிதே. நிலக்கிழார் பலர் ஆளுங்கட்சியின் தூண்களாக இருந்தமையும் இதற்கு ஒரு காரணம். எதிர்ப்போரையும் உடன்கொண்டு செல்லும் பண்பு, இங்கு அவர்களை மீறிச் செல்ல இயலாத தளையாகவும் ஆயிற்று. காமராசர் ஆட்சியை நீங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின், 1968-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரியூட்டப்பட்டனர். எந்த ஓர் ஆட்சியின்மேலும் மட்டும் சுமத்த இயலாத பழி அது. எனினும், மெல்ல வரும் சீர்திருத்தத்திற்காகக் காத்திருப்போர் தரும் விலை யாது என்பதை அது காட்டிற்று.

முரண்பட்ட இறுதிக்காலம்

கட்சிப் பணிக்காக மூத்தோர் பதவி துறத்தல் வேண்டும் என்ற தம் திட்டத்திற்கேற்ப, 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 1964-இல் புவனேசுவர் மாநாட்டில் அனைத்திந்தியக் காங்கிரசின் தலைமை ஏற்றார். மக்களாட்சிச் சமதருமமே கட்சியின் குறிக்கோள் என்று அங்கு அறிவிக்கப்பட்டது. நேருவின் மறைவிற்குப் பின் சாத்திரியையும், 1966-இல் இந்திரா காந்தியையும் தலைமை அமைச்சராக்கியதில் அவர் பங்கு பெரிது.

1967-இல், உணவுத் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் உண்டாக்கிய அலையில், அவர் விருதுநகரிலேயே ஒரு மாணவத் தலைவரிடம் தோற்றார். வங்கிகளைச் சமுதாயக் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரும் பத்து அம்சத் திட்டம் அவர் தலைவராயிருந்த அவ்வாண்டில்தான் உருவானது. ஆயினும் 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையான பின் காங்கிரசு பிளவுபட்டபோது, அவர் நின்ற பக்கம் வலதுசாரி என்று பெயர் பெற்றது. 1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரும் இராசாசியும் ஓரணியில் நின்றனர். ஆவடிக் கொள்கையை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சியைக் கண்டவர் இராசாசி. மாநிலத்தில் அவ்வணி பெருந்தோல்வி கண்டது. முழக்கங்கள் உரக்க ஒலித்த காலத்தில், படிகளைக் கட்டியவருக்கு மேடை இல்லாமற் போயிற்று.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளன்று, சென்னை தியாகராய நகர் வாடகை வீட்டில் காமராசர் மறைந்தார். அவர் பெயரில் சொந்த வீடு இல்லை. 1976-இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

1991-க்குப் பின் நாட்டின் பொருளாதாரப் பாதை வேறாயிற்று. அம்பத்தூர் டன்லப் ஆலை இன்று இயங்கவில்லை. தொழிற்பேட்டையில் பட்டறைகளின் அருகே கணினி நிறுவனங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஆவடித் தொழிற்சாலை 2021 முதல் அரசுக்குரிய நிறுவனம் ஒன்றன்கீழ் இயங்குகிறது. ஆனால் பள்ளிகளில் பகலுணவு நிற்கவில்லை. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஆட்சிகள் மாறியும் எவரும் பின்வாங்கத் துணியாத படி அது. படிப்படியாகச் செல்வதன் வலிமை அவ்வுணவில் தெரிகிறது; அதன் குறை, இன்றும் நிலமற்றிருக்கும் உழவர் வாழ்வில் தெரிகிறது. காமராசரை முழுமையாக அறிய விழைவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.