ஆடம் பெக்

சர் ஆடம் பெக் (ஜூன் 20, 1857 – ஆகஸ்ட் 15, 1925) கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த தொழிலதிபரும் அரசியல்வாதியும் ஆவார். நயாகரா அருவியின் நீர்மின்சாரத்தை மக்களின் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்து மாகாணச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு, அக்கொள்கையை நடைமுறைப்படுத்தியவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். 1906 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஒன்ராறியோ நீர்மின் ஆணையத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்று, இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். மின்சாரத்தைப் பொதுமக்களுக்கும் உழவர்களுக்கும் விளக்கிக் கற்பிப்பதில் இவர் காட்டிய ஊக்கம் குறிப்பிடத்தக்கது. அதேவேளை, பொதுப்பணத்தைச் செலவிட்டதில் முறையாகக் கணக்குக் காட்டவில்லை என்ற கடுமையான விமர்சனமும் இவர் மீது உண்டு.

இளமை

ஆடம் பெக் ஒன்ராறியோவின் தென்மேற்கே உள்ள பேடன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை யாக்கோப் பெக் செருமனியின் பேடன் பகுதியிலிருந்து குடியேறியவர். தாம் உருவாக்கிய ஊருக்குத் தம் தாயகத்தின் பெயரையே இட்டார். அங்கு வார்ப்பாலையும் மாவு ஆலையும் நடத்தி வந்தார். ஆடம் பெக் கால்ட் நகரிலிருந்த வில்லியம் டாசியின் உறைவிடப் பள்ளியில் பயின்றார். படிப்பில் சிறந்து விளங்கினார் என்று கூற முடியாது. பள்ளியை விட்டபின் தந்தையின் வார்ப்பாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

1879 இல் தந்தையின் தொழில் நொடித்தது. அதன்பின் கடனாகப் பெற்ற சிறு முதலோடு, உறவினருடன் சேர்ந்து கால்ட் நகரில் சுருட்டுப் பெட்டி செய்யும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். 1880களின் நடுவில் அவ்வாலை ஒன்ராறியோவிலுள்ள இலண்டன் நகருக்கு மாற்றப்பட்டது. (இது இங்கிலாந்தின் தலைநகரத்திலிருந்து வேறான ஊராகும்.) சுருட்டுத் தொழில் செழித்திருந்த அந்நகரில் பெக் விரைவில் செல்வந்தரானார். குதிரை வளர்ப்பிலும் குதிரைக் கண்காட்சிகளிலும் புகழ் பெற்றார். 1898 இல் லிலியன் ஒட்டாவே என்பவரை மணந்தார். இவர்களுக்கு மரியன் என்ற ஒரே மகள் பிறந்தார்.

அரசியல் நுழைவு

1898 ஆம் ஆண்டு மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் பழமைவாதக் கட்சியின் வேட்பாளராக இலண்டன் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். 1902 இல் அந்நகரின் மேயராகவும், அதே ஆண்டில் சட்டமன்ற உறுப்பினராகவும் தெரிவானார். ஓராண்டுக் காலப் பதவியான மேயர் பதவியை 1904 வரை மூன்று முறை வகித்தார்.

நயாகரா மின்சாரச் சிக்கல்

ஒன்ராறியோவில் நிலக்கரி கிடைப்பதில்லை. அங்குள்ள ஆலைகளும் வீடுகளும் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வரும் நிலக்கரியை நம்பியிருந்தன. 1902 இல் பென்சில்வேனியச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்ராறியோவில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. வற்றாது விழும் நயாகரா நீரோ மாகாணத்தின் எல்லையிலேயே இருந்தது. இன்று புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று அழைக்கப்படும் இவ்வளத்தை அக்கால மக்கள் கரிக்கு மாற்றாகவே கண்டனர்.

ஆனால் கனடாப் பக்கத்து நீரைப் பயன்படுத்தும் உரிமை மூன்று தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. அவற்றுள் இரண்டு அமெரிக்க முதலீட்டாளர் வசம் இருந்தன. மூன்றாவது, வில்லியம் மெக்கென்சி, ஹென்றி பெலட், பிரெடெரிக் நிக்கல்ஸ் ஆகிய ரொறன்ரோச் செல்வந்தர்களுடையது. மின்சாரம் அமெரிக்காவுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விடும், உள்நாட்டுச் சிறு தொழில் நகரங்கள் கைவிடப்படும் என்ற அச்சம் பரவியது. 1903 இல் பெர்லின் (1916 முதல் கிச்சனர்) நகரில் இந்நகரங்களின் பிரதிநிதிகள் கூடினர. டேனியல் டெட்வைலர், ஈ. டபிள்யூ. பி. சுனைடர் ஆகியோர் இவ்வியக்கத்தின் முன்னோடிகள் ஆவர். இலண்டன் மேயராக அதில் இணைந்த பெக், சில ஆண்டுகளில் அதன் தலைவராக உயர்ந்தார்.

ஆணையத்தின் தோற்றம்

1905 தேர்தலில் ஜேம்சு விட்னி தலைமையிலான பழமைவாதக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. நயாகரா மின்சாரம் சிலரது ஆதாயத்துக்கன்றி மக்கள் அனைவருக்கும் பயன்படவேண்டும் என்பது அக்கட்சியின் முக்கிய வாக்குறுதியாக அமைந்தது. பெக் துறை இல்லாத அமைச்சராக நியமிக்கப்பட்டார். 1906 இல் ஒன்ராறியோ நீர்மின் ஆணையம் சட்டத்தால் நிறுவப்பட்டு, பெக் அதன் தலைவரானார்.

ஆணையம் செயல்பட்ட முறை எளிமையானது. அது மொத்தமாக மின்சாரத்தை வாங்கி, தன் மின்கம்பிகள் வழியாக நகராட்சிகளுக்குக் கொண்டு சேர்க்கும். நகராட்சிகள் அதை மக்களுக்குப் பகிர்ந்தளிக்கும். மின்கம்பிகள் அமைக்கும் பணத்தை மாகாண அரசு தன் பிணையில் திரட்டித் தரும். நகராட்சிகள் அதை வட்டியுடன் 30 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும். மின்சாரத்துக்கு ஆகும் செலவு மட்டுமே கட்டணமாகும், இலாபம் சேர்க்கப்படாது.

இத்திட்டத்தில் சேர விரும்பும் ஒவ்வொரு நகரமும் வாக்காளர்களின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. 1907, 1908 ஆம் ஆண்டுகளின் ஜனவரி மாத நகராட்சித் தேர்தல்களுடன் இதற்கான வாக்கெடுப்புகள் நடந்தன. பெக் ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்தந்த ஊர் செலுத்தும் கட்டணத்தையும் திட்டத்தில் சேர்ந்தால் செலுத்தப்போகும் கட்டணத்தையும் ஒப்பிட்டுக் காட்டுவதே அவரது முறையாக இருந்தது. வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஆதரவளித்தனர். 1908 இல் பத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்தன. தனியார் நிறுவனங்களின் ஆதரவாளர்கள் நீதிமன்றம் சென்றனர். அவ்வழக்குகளைத் தடுக்க மாகாணம் இயற்றிய சட்டத்தை நீக்குமாறு கனடிய நடுவண் அரசிடம் முறையிட்டனர். நடுவண் அரசு அதற்கு இணங்கவில்லை.

1910 அக்டோபர் 11 அன்று பெர்லின் நகரில் விட்னியும் பெக்கும் கலந்துகொண்ட விழாவில் நயாகரா மின்சாரம் முதன்முதலாக ஒளியூட்டியது. 110,000 வோல்ட்டு அழுத்தத்தில் மின்சாரத்தை நெடுந்தொலைவு செலுத்திய இவ்வலையமைப்பு அன்று உலகின் முன்னோடி முயற்சிகளில் ஒன்றாகும். 1914 இல் பெக்கிற்கு சர் பட்டம் வழங்கப்பட்டது.

உழவர்களுக்கு மின் கல்வி

தொடக்கத்தில் மின்சாரம் நகரங்களுக்கே பயன்பட்டது. பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்ததால் அவற்றுக்குக் கம்பி இழுக்கும் செலவு மிகுதி. மின்சாரத்தால் பண்ணைக்கு என்ன பயன் என்பதும் உழவர் பலருக்குத் தெரியாதிருந்தது. எனவே 1912 இல் பெக் நடமாடும் செயல்விளக்கக் குழு ஒன்றை ஏற்பாடு செய்தார். மின்மாற்றியும் மின்னோடியும் பண்ணைக் கருவிகளும் ஏற்றிய வண்டிகள் சிற்றூர்களுக்குச் சென்றன. பால் கறத்தல், தீவனம் நறுக்குதல், துணி துவைத்தல் போன்ற வேலைகளை மின்சாரத்தால் செய்வது எப்படி என்று மக்கள் முன் காட்டப்பட்டது. மக்கள் இதனை வேடிக்கையாகப் பெக்கின் சர்க்கஸ் என்று அழைத்தனர்.

கல்வி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. சிற்றூர் மின்கம்பிகளுக்கான முதலீட்டில் பாதியை மாகாண அரசே மானியமாக அளிக்கும் சட்டம் 1921 இல் வந்த பின்னரே பண்ணைகளுக்கு மின்சாரம் பரவத் தொடங்கியது.

குயின்ஸ்டன்–சிப்பாவா மின்நிலையம்

மின்சாரத் தேவை பெருகியதால் மின்சாரத்தை வாங்கி விற்பதோடு நில்லாமல், ஆணையமே உற்பத்தி செய்யவேண்டும் என்று பெக் முடிவு செய்தார். அருவிக்கு மேலேயுள்ள சிப்பாவாவிலிருந்து கால்வாய் வெட்டி, பல கிலோமீட்டர் கீழேயுள்ள குயின்ஸ்டனுக்கு நீரைக் கொண்டுசென்றால் ஏறத்தாழ 90 மீட்டர் உயர வீழ்ச்சி கிடைக்கும். இது அருவியருகே இருந்த பழைய மின்நிலையங்களுக்குக் கிடைத்த வீழ்ச்சியை விட மிக அதிகமாகும். எனவே அதே அளவு நீரிலிருந்து கூடுதல் மின்சாரம் பெற முடிந்தது. 1917 இல் பணி தொடங்கி, 1921 டிசம்பரில் முதல் மின்னாக்கி இயக்கிவைக்கப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையமாக இது விளங்கியது.

ஆனால் செலவு தொடக்க மதிப்பீட்டைப் போல் பன்மடங்கானது. முதல் உலகப் போர்க்கால விலையேற்றம் இதற்கு ஒரு காரணம். பணி நடந்துகொண்டிருக்கும்போதே நிலையத்தின் அளவு பெரிதாக்கப்பட்டது இன்னொரு காரணம். கூடும் செலவை அரசுக்கு உரிய காலத்தில் பெக் தெரிவிக்கவில்லை என்பதே பெரும் சர்ச்சைக்கு வித்திட்டது.

தோல்வியும் விசாரணைகளும்

நகரங்களை இணைக்கும் மின்சாரத் தொடருந்துப் பாதைகளை ஆணையமே அமைக்கவேண்டும் என்பது பெக்கின் மற்றொரு திட்டமாகும். 1919 தேர்தலில் ஒன்ராறியோ ஒருங்கிணைந்த உழவர் அமைப்பு தொழிற்கட்சியின் துணையுடன் ஆட்சியமைத்து, ஈ. சி. டுரூரி முதல்வரானார். பெக் தம் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளரிடம் தோற்றார். எனினும் டுரூரி அவரை ஆணையத் தலைவராக நீடிக்கவிட்டார். தொடருந்துத் திட்டத்தை ஆராய அமைக்கப்பட்ட சதர்லாந்து விசாரணைக் குழு அது இழப்பையே தரும் என்று 1921 இல் அறிவித்தது. தானுந்துகளும் நெடுஞ்சாலைகளும் பெருகிவந்த அக்காலத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1922 இல் ஆணையத்தின் கணக்குகளை ஆராய கிரெகரி தலைமையில் மற்றொரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு ஆணையத்தின் பணிகளைப் பெரிதும் பாராட்டியது. எனினும் தெரிவுசெய்யப்பட்ட அரசின் கட்டுப்பாட்டை மீறிப் பெக் தன்னிச்சையாகச் செயல்பட்டதைக் கண்டித்தது. 1923 தேர்தலில் பெக் மீண்டும் இலண்டன் தொகுதியில் வென்று, ஹோவார்டு பெர்குசனின் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

காசநோய் மருத்துவமனை

மகள் மரியன் காசநோயால் பாதிக்கப்பட்டதைத் தொடர்ந்து, சிகிச்சைக்குப் பணம் இல்லாதவர்களின் நிலையைப் பெக் தம்பதியர் எண்ணிப் பார்த்தனர். அவர்களின் முயற்சியால் இலண்டன் அருகே பைரன் என்னுமிடத்தில் குயின் அலெக்சாண்ட்ரா காசநோய் மருத்துவமனை 1910 இல் திறக்கப்பட்டது. மரியன் நோயிலிருந்து மீண்டார். லிலியன் 1921 இல் காலமானார்.

மறைவு

கடும் இரத்தசோகை நோயால் பாதிக்கப்பட்ட பெக் 1925 ஆகஸ்ட் 15 அன்று இலண்டனிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். ஹாமில்ட்டன் நகரில் மனைவியின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடு

பெக் மின்சாரத்தைக் கண்டுபிடித்தவரோ பொறியியலாளரோ அல்லர். மின்சாரத்தை யார் உடைமையாகக் கொள்வது என்பது வாக்காளர் முடிவு செய்யவேண்டிய கேள்வி என்று நிறுவியதே அவருடைய பங்களிப்பாகும். வாக்குச் சீட்டின் வழியாகப் பெற்ற அதிகாரத்தை, வாக்காளரின் பிரதிநிதிகளுக்குக் கட்டுப்படாமல் பயன்படுத்தியது அவருடைய குறையாகும். பொதுத்துறை நிறுவனம் ஒன்று விரைந்து செயல்படுவதற்குத் தேவையான தன்னுரிமை எவ்வளவு, அது காட்டவேண்டிய கணக்கு எவ்வளவு என்ற கேள்வி பெக்கின் வாழ்க்கையை ஆராய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் ஒன்றாகும்.

அவர் தொடங்கிய ஆணையம் 1974 இல் ஒன்ராறியோ ஹைட்ரோ எனப் பெயர் மாற்றம் பெற்று, 1999 இல் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் மின்செலுத்தலைக் கவனிக்கும் ஹைட்ரோ ஒன் நிறுவனத்தின் பங்குகள் 2015 முதல் பொதுமக்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விற்கப்பட்டன. செலவு விலைக்கே மின்சாரம் என்ற பழைய கொள்கை அப்போதும் விவாதத்தில் நினைவுகூரப்பட்டது. நீரைக் குறிக்கும் ஹைட்ரோ என்னும் சொல்லாலேயே ஒன்ராறியோ மக்கள் மின்சாரத்தை அழைப்பது அக்காலத்தின் எச்சமாகும்.

நினைவுச் சின்னங்கள்

* குயின்ஸ்டன்–சிப்பாவா மின்நிலையத்துக்கு 1950 இல் சர் ஆடம் பெக் மின்நிலையம் எனப் பெயரிடப்பட்டது. அதன் அருகே இரண்டாவது நிலையம் 1954 இல் திறக்கப்பட்டது.
* ரொறன்ரோவின் யூனிவர்சிட்டி அவெனியூவில் சிற்பி இம்மானுவேல் ஹான் வடித்த பெக்கின் சிலை 1934 இல் நிறுவப்பட்டது.
* பெக் பிறந்த பேடன் ஊரிலுள்ள பொதுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.