வான்வழி கண்ட டாட்டா

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் கடப்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே ஆலம்பரைக் கோட்டை இடிந்த மதில்களோடு நிற்கின்றது. முற்காலத்தில் அங்கே மரக்கலங்கள் வந்து தங்கின. பண்டங்கள் இறங்கின, ஏறின. இன்று மீனவச் சிறுவர்கள் அம் மணற்பரப்பில் விளையாடுகின்றனர். தலைக்கு மேலே விமானம் ஒன்று முழங்கிச் செல்லுமாயின் அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி அண்ணாந்து பார்க்கின்றனர். 'நாமும் ஒரு நாள் இதனைச் செலுத்துவோமா?' என்னும் எண்ணம் அவர்களுட் சிலருக்கேனும் தோன்றாமற் போகாது. எண்ணம் தோன்றுதல் எளிது. அதனை அணையாமற் காத்து, தக்க இடத்தில் தக்க ஆசிரியரிடம் முறையாகப் பயின்று நிறைவேற்றுதலோ அரிது. அவ்வரிய செயலைச் செய்து முடித்தவர் ஒருவரும் தம் இளமையில் இவர்களைப் போன்றே ஒரு கடற்கரை மணலில் நின்று வானத்தை நோக்கியவரே. அவர்தாம் ஜே. ஆர். டி. டாட்டா என்று உலகம் போற்றும் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா ஆவார்.

டாட்டா 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, பம்பாயைச் சார்ந்த பார்சி வணிகர். அன்னையார் சூசன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சு நாட்டின் வடகரையில் ஆர்தெலோ என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. கோடை விடுமுறைக் காலத்தை அக்குடும்பத்தார் அங்கே கழிப்பது வழக்கம். 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்து புகழ்பெற்ற பிளேரியோ என்பாருக்கும் அவ்வூரில் ஓர் இல்லம் இருந்தது. அவருடைய விமானங்கள் அக்கடற்கரை மணலில் வந்து இறங்கும், மீண்டும் எழும்பும். மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டு அமைந்த அப்பொறிகள் பறவைபோல் எழுவதைச் சிறுவன் டாட்டா கண்கொட்டாமற் பார்த்து நிற்பார். பதினைந்தாம் வயதில் அவர் அங்கே ஒரு விமானத்தில் பயணியாக ஏறிச் சிறிது நேரம் பறக்கும் வாய்ப்புப் பெற்றார். தரைக்கு மீண்டபோது, தாமே விமானம் ஓட்டவேண்டும் என்னும் வேட்கை அவர் நெஞ்சில் வேரூன்றியிருந்தது.

ஆயினும் அவ்வேட்கை நிறைவேற ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தன. டாட்டா பிரெஞ்சுப் படையில் ஓராண்டு பணிபுரிந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பொறியியல் கற்க விரும்பினார். அதற்குள் தந்தையார் அவரை இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டார். 1925-ஆம் ஆண்டின் இறுதியில் குடும்ப நிறுவனத்தில் ஊதியம் பெறாத பயிலுநராக அவர் அமர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையார் இயற்கை எய்தினார். இருபத்திரண்டு வயதில், தம்பி தங்கையரைக் காக்கும் கடமையும் தொழிற்பொறுப்பும் அவர் தோளில் ஏறின. கல்லூரிப் பட்டம் பெறாமை குறித்த வருத்தம் அவருக்கு நெடுங்காலம் இருந்தது. அக்குறையை இரவுபகலாகப் படித்தே அவர் ஈடுசெய்தார். கடமையை விட்டு வேட்கையின்பின் ஓடவும் இல்லை. கடமையைக் காரணங்காட்டி வேட்கையைக் கைவிடவும் இல்லை. இரண்டும் கூடும் காலத்தை எதிர்நோக்கி அவர் காத்திருந்தார்.

அக்காலமும் வந்தது. 1920-களின் இறுதியில் இந்திய அரசின் உதவியோடு தில்லி, கராச்சி, கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் விமானப் பயிற்சிக் கழகங்கள் தோன்றின. சிறிது காலத்தில் சென்னையிலும் அத்தகைய கழகம் எழுந்தது. அதற்கு முன்னர் இந்திய இளைஞன் ஒருவன் விமானம் ஓட்டக் கற்க விரும்பின், கடல்கடந்து செல்லுதல் வேண்டும். பெரும்பொருள் செலவிடல் வேண்டும். இப்போதோ தாம் பணிபுரியும் பம்பாயிலேயே, ஜுஹூ என்னும் கடலோரத் திடலில் கழகம் அமைந்துவிட்டது என்பதை டாட்டா அறிந்தார். விமானப் பயிற்சிக்கு இடைவிடாத பழக்கம் இன்றியமையாதது. இன்று ஒரு பாடமும் மூன்று திங்கள் கழித்து மற்றொரு பாடமுமாகக் கற்பவனுக்குக் கை பழகாது. பணியை விடாமலே அடுத்தடுத்துச் சென்று பயிலத்தக்க இடம் அண்மையில் அமைந்தது அவருக்குப் பெரும்பேறாயிற்று. காலந்தாழ்த்தாமல் அவர் அதிற் சேர்ந்தார்.

அந்நாளைய பயிற்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிதல் நலம். பயிற்சிக்குரிய மாத் என்னும் சிறு விமானத்தில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இருக்கைகள் உண்டு. மேலே கூரை இல்லை. காற்று முகத்தில் அறையும். ஓர் இருக்கையில் ஆசிரியரும் மற்றொன்றில் மாணவரும் அமர்வர். இருவர் கையிலும் ஒரேவகைச் சுக்கான்கோல் இருக்கும்; ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஆசிரியர் பேச்சுக்குழல் வழியே அறிவுரை கூறுவார். மாணவர் முதலில் நேராகவும் மட்டமாகவும் பறக்கக் கற்பார். பின்னர்த் திரும்பவும், ஏறவும், தாழவும் பயில்வார். இறுதியாக இறங்கக் கற்பார். அனைத்தினும் அரியது இறங்குதலே. மாணவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கின்றன என்று உறுதியான பின்னரே, ஆசிரியர் தம் இருக்கையை விட்டு இறங்கி, மாணவரைத் தனியே பறக்க விடுவார். முன்னிருக்கை வெறுமையாயிருக்க, முதன்முறை தனித்து எழும்பும் அந்நேரத்தில் உதவிக்கு வருவார் எவரும் இலர். கற்ற கல்வி ஒன்றே துணை.

டாட்டா ஏறத்தாழ மூன்றரை மணி நேரமே ஆசிரியருடன் பறந்தார். அதன்பின் தனியே பறந்து காட்டினார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் அவருக்கு விமானமோட்டும் உரிமம் வழங்கப்பட்டது. அதன் வரிசை எண் ஒன்று! இந்தியாவில் வழங்கப்பெற்ற அத்தகைய உரிமங்களுள் அதுவே முதலாவது. பின்னாளில் எத்தனையோ பட்டங்களும் விருதுகளும் அவரை வந்தடைந்தன. எனினும் அச்சிறு உரிமத்தைப் பெற்றபோது உண்டான மகிழ்ச்சிக்கு ஈடாக வேறெதனையும் அவர் கருதவில்லை.

உரிமம் பெற்றவுடன் கற்றல் முடிந்துவிட்டது என்று அவர் எண்ணினாரல்லர். திடலைச் சுற்றிப் பறத்தல் வேறு. நாடுவிட்டு நாடு பறத்தல் வேறு. நெடுந்தொலைவு செல்பவன் நிலப்படத்தைப் படிக்கவேண்டும், திசைகாட்டியை நம்பவேண்டும், காற்றின் போக்கையும் எரிபொருளின் அளவையும் கணக்கிடவேண்டும், பொறி பழுதுற்றால் தன் கையாலேயே செப்பனிடவேண்டும். இவற்றையெல்லாம் அவர் பழகிக்கொண்டார். அவற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் வந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஒரு திங்களுக்குள் தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்தார். எத்திசையிலிருந்தும் புறப்படலாம் என்பது நிபந்தனை. டாட்டா, மன்மோகன் சிங், பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர் ஆகிய மூவரும் போட்டியில் இறங்கினர்.

1930-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி அதற்குச் சில நாள் முன்னரே இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டிருந்தார். பாலைவனங்களையும் கடலோரங்களையும் கடந்து எகிப்து நாட்டின் அபூகீர் என்னுமிடத்தில் டாட்டா இறங்கினார். அங்கே ஆஸ்பியின் விமானம் பறக்க இயலாமல் நின்றுகொண்டிருந்தது. பொறியில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் பழுதுற்றிருந்தன; மாற்றுவதற்கு வேறு இல்லை. டாட்டாவிடம் மாற்றுப் பிளக்குகள் இருந்தன. அவற்றைக் கொடாமற் சென்றிருப்பின் அவரைக் குறைகூறுவார் எவரும் இரார். போட்டியாளன் தங்கிவிட்டால் பரிசு தமக்கு அண்மையதாகும் என்பதையும் அவர் அறியாதவரல்லர். ஆயினும் வழியில் இடருற்று நிற்கும் விமானி ஒருவனைக் கண்டும் காணாதார்போற் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. தம் பிளக்குகளிற் சிலவற்றை எடுத்து ஆஸ்பியிடம் கொடுத்தார். இருவரும் எதிரெதிர்த் திசைகளிற் பறந்து சென்றனர்.

ஆஸ்பி முதலிற் கராச்சியை அடைந்தார். டாட்டா இலண்டனை அடைந்தது அதன் பின்னரே. சிறிது நேர வேறுபாட்டில் பரிசு கைந்நழுவியது. மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்தாரேனும், வழியில் நேர்ந்த இடையூறுகளால் குறித்த ஒரு திங்கள் கடந்துவிட்டது. டாட்டா தாம் செய்த உதவிக்காக ஒருபோதும் வருந்தினாரல்லர். அன்று வென்ற இளைஞர் ஆஸ்பி பின்னர் விமானப்படையிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1960-ஆம் ஆண்டில் இந்திய விமானப்படையின் தலைவரானார். டாட்டா இழந்த பரிசு வீண்போகவில்லை. நாட்டுக்கு ஒரு படைத்தலைவரைத் தருவதற்கு அது துணைநின்றது எனலாம்.

தாம் கற்ற கலையைத் தம் இன்பத்திற்கே வைத்துக்கொள்ளாமல் நாட்டுக்குப் பயன்படுத்த டாட்டா விழைந்தார். நெவில் வின்சென்ட் என்னும் விமானி, அஞ்சலை விமானத்திற் கொண்டுசெல்லும் திட்டம் ஒன்றை அவரிடம் கொணர்ந்தார். அரசின் இசைவு கிடைப்பதற்கு நெடுநாள் ஆயிற்று. இறுதியில், 1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் டாட்டா ஒற்றைப் பொறி கொண்ட பஸ் மாத் விமானத்தில் அஞ்சற்பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து தாமே ஓட்டிப் புறப்பட்டார். வழிகாட்ட வானொலி இல்லை. இறங்குமிடத்தில் விளக்கு வரிசை இல்லை. இடையே அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பினார். அவ்வெரிபொருள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது! பழமையும் புதுமையும் கைகோத்த காட்சி அது. அங்கிருந்து எழுந்து பம்பாயில் ஜுஹூத் திடலில் இறங்கினார். அவ்விடத்திலிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெற்றுப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தென்னாட்டு மக்கள் கராச்சியிலிருந்து வரும் அஞ்சலை வான்வழியே பெற்றது அவ்வாறுதான். இந்திய நாட்டின் விமானப் போக்குவரத்து வரலாறு அன்று தொடங்கியது.

சிறு கால்வாய் பேராறாகப் பெருகுவதுபோல் அப்பணி பெருகியது. 1946-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் அதன் விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. 1953-ஆம் ஆண்டில் அரசு அதனை நாட்டுடைமையாக்கிற்று. எனினும் டாட்டாவே 1978-ஆம் ஆண்டு வரை தலைவராக இருந்து வழிநடத்தினார். விமானத்திற் பயணஞ்செய்யும்போது அவர் கையிற் குறிப்பேடு இருக்கும். இருக்கையின் அழுக்கு முதல் தேநீரின் நிறம் வரை கண்ட குறைகளை எழுதிவைத்து, அவற்றைத் திருத்தச் செய்வார். சிறியதென்று எதனையும் புறக்கணியாமையே பெருமைக்கு அடிப்படை என்பது, பயிற்சித் திடலில் அவர் கற்ற பாடம். ஆணி ஒன்று தளர்ந்தாலும் விமானம் வீழுமன்றோ?

1982-ஆம் ஆண்டில் முதல் அஞ்சற் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைந்தது. அப்போது டாட்டாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவ்வயதிலும் பழைய வகைச் சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் பறந்து வந்தார். 1992-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிற்று. 1993-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் அவர் ஜெனீவா நகரில் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! இன்று விமானம் ஓட்டக் கற்க விரும்புவோர்க்கு வழி அகன்றுள்ளது. அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஒப்புதல் அளித்த பயிற்சிப் பள்ளிகள் நாட்டிற் பல உள்ளன. விமானம் ஓட்டுதலைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் பதினெட்டு வயது நிரம்பியவராய், மருத்துவச் சோதனையில் தேறி, 200 மணி நேரம் பறந்து பழகுதல் வேண்டும். பள்ளியைத் தேரும்போது அதன் கட்டடப் பொலிவை நோக்குதல் போதாது. ஆசிரியர் தேர்ச்சி உடையவரா? விமானங்கள் பழுதின்றிப் பேணப்படுகின்றனவா? மழையும் மூடுபனியும் ஆண்டில் எத்தனை நாள் பயிற்சியைத் தடுக்கும்? முழுப் பயிற்சிக்கும் ஆகும் செலவு எவ்வளவு? இவற்றையெல்லாம் முன்னரே வினவி அறிதல் வேண்டும். பெற்றோருடன் கலந்து எண்ணுதல் வேண்டும். இடையிற் பொருளின்றி நின்றுபோன பயிற்சி, பாதி வழியிற் கரைகாணாது நிற்கும் தோணி போன்றது.

இவையனைத்தும் அமைந்தாலும் பள்ளி தரமுடியாதவை சில உண்டு. காலம் கனியும்வரை காத்திருக்கும் பொறுமையும், கனிந்தவுடன் தொடங்கும் ஊக்கமும், உரிமம் பெற்றபின்னும் கற்கும் பணிவும், வழியில் இடருற்றவனுக்குத் தன் கைப்பொருளை ஈயும் பெருந்தன்மையும் அவனவனே தேடிக்கொள்ள வேண்டியவை. ஆர்தெலோக் கடற்கரைச் சிறுவனை இந்திய வான்வழியின் தந்தையாக்கியவை அவையே. கடப்பாக்கத்து மணலில் நின்று வானை நோக்கும் சிறுவர்க்கும் அவை எட்டாதவை அல்ல.